இன்னும் நடக்காத ஒன்றுக்கு உத்தரவு

பேரிடர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த விதியின் கீழ் எந்த நிவாரணம், எந்த நேரத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிடுவார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாத ஒரு நாளில், ஒரு வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரையும் வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறேன். அதன் பிறகு நெடுநாள் எதுவுமே நடக்கவில்லை. அந்த நடக்காத நாட்களைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் ஓய்வுக்குப் பின் நான் வசிக்கும் நாயுடுபுரத்திலிருந்து கிளம்பி வந்தேன்.

அப்போது நான் மாவட்டத் தலைமையகத்தில் பேரிடர் பணியைக் கவனித்த துணை ஆட்சியர். ஓய்வுபெற அதிக காலம் இல்லை. ஒரு நாள் காலை, பெரும்பாறைப் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர் போனில் அழைத்தார்.

"மேடம், இங்க மேல ஒரு பழைய லயம் இருக்குங்க. அங்க கதவெல்லாம் தானா தொறக்குதாம். பேயின்னு பேசிக்கிறாங்க. பேயோட்டக் கோடாங்கியக் கூட்டியாரப் போறாங்களாம். கூட்டம் கூடும்போல இருக்கு, அதான் காதுல போட்டு வைக்கலாம்னு."

"பழைய வீடுதானே? தாழ்ப்பாள் சரியில்லாம இருக்கும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "தாழ்ப்பாள் போட்டுத்தான் தொறக்குதுங்க. நானே பாத்தேன்."

மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போனேன். புவியியல் துறையில் எனக்குத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டேன். நிலச்சரிவுகளைப் பார்த்துப் பழகிய மனிதர், அதிகம் பேசமாட்டார். நான் ஏன் அவரைக் கூப்பிட்டேன் என்று அவர் கேட்கவில்லை. கதவு என்றதும் என் மனதில் நிலைச்சட்டம் வந்தது. நிலைச்சட்டம் கோணினால்தான் தாழ்ப்பாள் நழுவும். சட்டம் ஏன் கோண வேண்டும்?

தை மாதம். பெரும்பாறை தாண்டி மேலே ஏறும்போது மல்லிகைபோல ஒரு வாசனை வண்டிக்குள் வந்து நிறைந்தது. ஒரு வளைவு திரும்பியதும் முழுச் சரிவும் வெள்ளையாக இருந்தது. காப்பி பூத்திருந்தது. கோடை மழைக்குப் பிறகு பூக்க வேண்டிய காப்பி, பனிக்காலத்தில் பூத்து நின்றது. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டியில் இருந்த யாரும் 'எவ்வளவு அழகு' என்று சொல்லவில்லை.

அந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே வறண்டே போயின. மண் வெடித்துக் கிடந்தது. மார்கழிப் பாதியில், பனி இறங்கவேண்டிய நேரத்தில், விட்டுப்போன மழை மொத்தமும் ஒரு பிற்பகலில் கொட்டித் தீர்த்தது. சேதம் என்று சொல்ல எதுவும் இல்லை. வெடிப்புகள் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டன. எங்கள் அறிக்கையில் அந்த மழைக்கு இடமே இருக்கவில்லை.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. தோட்டம் துண்டுதுண்டாகக் கைமாறிவிட்டது. கடைசியாக வாங்கியவர் எங்கோ ஊரில் இருந்தார், காட்டேஜ் கட்டப் போகிறார் என்று பேச்சு. இவர்களுக்குப் பட்டா கிடையாது. குடியிருக்கிறோம் என்பது ஒன்றுதான் பிடிமானம்.

கடைசி வீடு பாக்கியத்தினுடையது. காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண், நாற்பது வயதுக்குள். மார்கழியில் அந்த மழை கொட்டிய அன்றுதான் அவளுடைய அம்மா முத்தம்மாள் நோயில் இறந்தாள். கீழே இறங்கும் பாதை ஓடையாக ஓடியதால், பாதை தெளியும்வரை உடலை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எடுத்து அடக்கம் செய்த சில நாட்களில் கதவுகள் திறக்கத் தொடங்கின. முதலில் இந்த வீட்டுக் கதவு. பிறகு பக்கத்து வீடு. பிறகு அதற்கும் அடுத்தது. யாரோ ஒரு வீடாக ஏறி இறங்கி எதையோ தேடுவதுபோல.

பாக்கியம் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். அவள் மட்டும் நின்றாள்.

"எங்கம்மாதான் சுத்துறான்னு சொல்றாங்கம்மா. எங்கூட யாரும் பறிக்க வாறதில்ல. தண்ணிக்கிப் போனா வெலகிக்கிறாங்க. உசுரோட இருந்தப்ப ஒரு ஈ எறும்ப வெரட்டாதவ எங்கம்மா."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குப் பின்னால், தாழிட்டிருந்த உள்கதவின் தாழ்ப்பாள் மெல்ல நழுவுவதைப் பார்த்தேன். காற்று இல்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். கதவு, வயதானவர்கள் யோசித்து யோசித்து நடப்பதுபோல, கொஞ்சம் திறந்து, நின்று, மறுபடி கொஞ்சம் திறந்தது. பாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் பதினோரு மணி இருக்கும். வெளியே நல்ல வெயில். என் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. காரணம் ஓரளவு தெரிந்த பிறகும் பயம் வந்தது. இந்த வேலையில் உங்களுக்கும் வரும். பயந்த முகத்தோடு எந்த முடிவையும் அறிவிக்காமல் இருந்தால் போதும்.

உள்ளே அடுப்பு நனைந்திருந்தது. "தினமும் காலையில இப்பிடித்தான் ஈரமா கெடக்குது. தொடச்சுட்டுத்தான் பத்த வைக்கணும்" என்றாள். அடுப்புக்குக் கீழே தரையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இருநூறு அடி தள்ளி இருந்த, லயத்துக்குப் பொதுவான ஊற்றோ மழைக்குப் பிறகு நின்றுபோயிருந்தது.

புவியியலாளர் அதற்குள் மேலே ஏறியிருந்தார். நானும் ஏறினேன். சவுக்கு மரங்களுக்குள் நிழலாக இருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. அவர் ஒரு இடத்தில் மண்டியிட்டுச் சருகை விலக்கினார். நிலத்தில் ஒரு பிளவு. மரங்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் வளைந்து, லயத்தை அணைத்துக்கொள்வதுபோலப் போனது.

"கைய வச்சுப் பாருங்க மேடம்."

வைத்தேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அவர் ஒரு கல்லைப் போட்டார். இருவரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தோம். அது விழுந்த சத்தம் வரவில்லை.

"இது விழுமா?" என்று கேட்டேன்.

"நகர ஆரம்பிச்சிருச்சு. எப்ப முழுசா வரும்னு சொல்ல முடியாது. நாளைக்கும் வரலாம், இப்படியே பல வருஷம் நிக்கவும் செய்யலாம்."

"மழை நின்னு ஒரு மாசமாச்சே?"

அவர் பிளவைப் பார்த்தபடியே சொன்னார்: "வெளியிலதான் நின்னிருக்கு மேடம். உள்ள இன்னும் கெடக்கு."

இறங்கி வரும்போது கிராம நிர்வாக அலுவலர் என்னைத் தனியே அழைத்தார். நல்ல மனிதர். அந்த மக்கள் மேல் அக்கறை உள்ளவர். அவர் சொன்னதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"மேடம், மலை நகருதுன்னு சொன்னா ஒருத்தரும் கெளம்ப மாட்டாங்க. காட்டேஜ்காரர் வேலைன்னுவாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கோடாங்கி எனக்குத் தெரிஞ்ச ஆளுதான். இந்த எடம் ஆகாது, முத்தம்மா விடமாட்டான்னு அவரு வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும். நாளைக்கிப் பொழுது சாயறதுக்குள்ள லயம் காலி. உசுருதானங்க முக்கியம்?"

நீங்கள் இப்போது சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. அந்தச் சரிவில் நின்று யோசித்தேன். உண்மை தாமதமாக்கும், பொய் உடனே காப்பாற்றும். அப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எனக்கு அன்று இரண்டு விஷயங்கள் குறுக்கே நின்றன. கோடாங்கி ஒரு வாயால் பேயை வைத்தால், இன்னொரு வாயால் பேயை ஓட்டவும் முடியும். பேய் போய்விட்டது என்று ஒரு நாள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். பூசை செய்து அந்தப் பிளவை மூட முடியாது. இன்னொன்று பாக்கியம். நான் அந்தப் பொய்யை நடக்கவிட்டால், அவள் போகிற ஊரெல்லாம் பேயின் மகளாகத்தான் போவாள். அவளைக் கேட்காமல் அவள் அம்மாவை எடுத்துச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை.

"வேண்டாம். எல்லாரையும் வாசலுக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

வந்தார்கள். முன்னால் செல்லையா நின்றார். லயத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. சிறுவனாகக் கப்பலில் வந்தவர். புவியியலாளர் சொன்னதை நான் எளிமையாகச் சொன்னேன். பேசி முடித்ததும் பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்ப எங்கம்மா இல்லதானே? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்கம்மா."

"இல்ல. கதவத் திறக்கிறது மண்ணு. உங்க அம்மா இல்ல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மழையில் அம்மா இறந்த அன்று அழ நேரமில்லாமல் போன அழுகை அது என்று நினைக்கிறேன். சில பெண்கள் அவள் தோளைத் தொட்டார்கள். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. உடனே செல்லையா கேட்டார்:

"பேய் இல்லேன்னு ஆயிப்போச்சு. அப்ப என்னாத்துக்கு நாங்க போகணும்?"

நான் மறுபடி விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

"அங்கயும் இப்பிடித்தான் நல்லபடியாப் பேசினாங்க. தாய்நாட்டுக்குப் போங்க, எல்லாம் இருக்குன்னாங்க. எங்கப்பா நம்பிக் கப்பல்ல ஏறினாரு. இங்கிட்டு வந்து எறங்குனா ஒண்ணும் இல்ல. எங்களக் கெளப்புறதுக்கு எப்பவும் ஒரு நல்ல காரணம் இருக்கும்மா. திரும்பி வாறதுக்குத்தான் ஒரு காரணமும் இருக்காது."

அன்று மாலை மாவட்ட ஆட்சியரிடம் போனேன். என்னைவிட மிகவும் இளையவர். பணியில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் என்று எண்ணினால், அவருக்குத்தான் முதலிடம் தருவேன். முழுவதும் கேட்டுவிட்டு, "என்ன உத்தரவு வேணும்?" என்றார்.

"அங்கதான் சார் சிக்கல். பேரிடர்னு சட்டம் சொல்றது ஒரு நிகழ்வை. இங்க எதுவும் நிகழல."

"ஆனா அச்சுறுத்துற நிலைமைன்னும் சட்டத்துல இருக்கே. அதை வச்சு வெளியேத்தலாம்."

"புயல் வருதுன்னா சரி சார். ரெண்டு நாள்ல வரும், போகும். இது எப்ப வரும்னே தெரியாது. அவ்வளவு நாளும் அவங்க எங்க இருப்பாங்க, எந்தச் செலவுத் தலைப்புல சோறு போடுறது?"

அவர் பேனாவை மூடினார். "வெளியேத்துறதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன். நீங்க நேர்ல பாத்திருக்கீங்க, நான் பாக்கல. ஆனா ஒண்ணு சொல்லுங்க. மலை விழாமலே இருந்தா, அவங்கள எப்ப திரும்ப அனுப்புவீங்க?"

நான் கையிலிருந்த குறிப்புகளைப் புரட்டினேன்.

"அதுக்குப் பதில் எழுதாம இந்த உத்தரவு போகக் கூடாது. இல்லாட்டி இது பாதுகாப்பு இல்ல, காலி பண்ண வைக்கிறது" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். பிளவின் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளி அளக்கப்படும். ஒரு முழு மழைக்காலம் அசைவில்லாமல் கடந்தால் திரும்பலாம். அதுவரை அங்கே குடியிருந்து வந்ததால் அவர்களுக்கு இருக்கும் அனுபவ உரிமை எந்த வகையிலும் இழந்ததாகக் கருதப்படாது. நிலம் யார் கைக்கு மாறினாலும் சரி. திரும்பவே முடியாமல் போனால் மாற்று இடம் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தக் கடைசி வரிகளை எழுத எங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பது விவாதத்துக்குரியதுதான். யாரும் விவாதிக்கும் முன் அவர் கையெழுத்திட்டார்.

அதை லயத்து வாசலில் நானே வாசித்தேன். செல்லையா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். முதலில் மூட்டை கட்டியது பாக்கியம். அவளோடு பேசாமல் இருந்தவர்கள் அவள் பின்னால் போனார்கள். கடைசியாகச் செல்லையா வந்தார். பெரும்பாறையில் ஒரு சமுதாயக் கூடத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம்.

இனிமேல்தான் நான் சொன்ன அந்த நடக்காத நாட்கள்.

தினமும் வெயில். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. நிதியைக் கவனிக்கும் பிரிவிலிருந்து என் அலுவலகத்துக்குப் போன் வரும். "மேடம், சம்பவம் நடந்த தேதி என்னன்னு கேக்குறாங்க" என்பார் உதவியாளர்.

"இன்னும் நடக்கலன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன் மேடம். நடந்தப்புறம் அனுப்பச் சொல்றாங்க."

கூடத்தில் ஒரே இடத்தில் அத்தனை குடும்பங்கள். சமையலுக்கு வரிசை, குளிப்பதற்கு வரிசை. பிள்ளைகளுக்கு இருமல். அரிசிக்கு நான் ஒரு தொண்டு அமைப்பையும், ஒரு கோயில் அன்னதானக் குழுவையும் மாறி மாறிக் கெஞ்சினேன். முளைகளின் இடைவெளி சில நாள் மாறும், பல நாள் மாறாது. நான் வாரம் ஒரு முறையாவது மேலே போய்ப் பார்ப்பேன். ஆளில்லாத லயத்தின் கதவுகள் எல்லாம் உள்பக்கமாகத் திறந்து கிடக்கும். காப்பிப் பூ உதிர்ந்து பழுப்பாகிவிட்டது. பாக்கியத்தின் அடுப்புக்குக் கீழே தண்ணீர் இப்போது வாசல்வரை வந்து, தெளிவாக, சத்தமில்லாமல் ஓடியது.

அந்த நாட்களில், மலை விழுந்துவிட்டால் நல்லது என்று நான் நினைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு நாள் காலை அளவு மாறவில்லை என்று செய்தி வந்தபோது எனக்குள் ஏமாற்றம் எழுந்ததைக் கவனித்தேன். அது என்னைப் பேயைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. நம் உத்தரவு சரி என்று நிரூபணமாக வேண்டும் என்கிற ஆசை வந்துவிட்டால், நாம் மக்கள் பக்கம் இல்லை, சரிவின் பக்கம் நிற்கிறோம். அன்றே ஆட்சியரிடம் சொல்லி, வாரா வாரம் முடிவை மறுபரிசீலனை செய்ய என்னைத் தவிர வேறு இருவரையும் சேர்க்கச் சொன்னேன்.

மேலே பாதைத் தொடக்கத்தில், உறுதியான நிலத்தில் இருந்த சின்னப் பாலத்தருகே ஒரு கயிறு கட்டி, காவலுக்கு ஆள் போட்டிருந்தோம். பகலில் பாக்கியமும் அங்கே தன்னார்வலராக நின்றாள். அவள் கழுத்தில் ஒரு விசில்.

மாசி முடியப் போனது. ஒரு நாள் காலை அவள் போன் செய்தாள்.

"அம்மா, வெரசா வாங்க. எல்லாரும் சாமானோட மேல வந்துட்டாங்க. கோடாங்கியும் வந்திருக்காரு. பூச போட்டுட்டு வீட்டுக்குப் போறோம்னு கயித்தத் தாண்டிட்டாங்க."

நான் போய்ச் சேரும்போது உச்சி வெயில். பாதிப் பேர் பாலத்துக்கு இந்தப் பக்கம் மூட்டைகளோடு நின்றார்கள். செல்லையாவும் சில ஆண்களும் பெண்களும் லயத்து வாசலில் இருந்தார்கள். கோடாங்கி வாசலில் உட்கார்ந்து உடுக்கை அடிக்கத் தொடங்கியிருந்தார். எனக்கு முன்பே ஆட்களோடு வந்திருந்த காவல் அதிகாரி என்னிடம் வந்தார்.

"மேடம், சட்டப்படி தூக்கிட்டு வந்துறலாம். சொல்லுங்க."

சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் சீருடை ஆட்கள் ஓடிவந்தால் அவர்கள் எங்கே ஓடுவார்கள்? வீட்டுக்குள். உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வார்கள். நான் அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தாண்டித் தனியாகப் போனேன். அந்தப் பாதையில் நடக்கும்போது கால் வைக்கிற ஒவ்வோர் இடமும் உள்ளே வெற்றாக இருப்பதுபோல ஓர் உணர்வு.

செல்லையா தன் வீட்டு வாசற்படியில் நின்றார். உள்ளே போகவில்லை.

"எத்தன நாள்தான் இருக்கறது? ஒரு சொட்டு மழை இல்ல, ஒரு கல்லு உருளல" என்றார்.

"தெரியுது அய்யா. உங்க எடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் வந்திருப்பேன்."

"அப்ப விடுங்க."

"உத்தரவுல திரும்பி வர்றதுக்கு வழி எழுதியிருக்கு. அத நீங்களே மீறிட்டா, நாளைக்கு எடத்த வாங்கினவரு அதக் காட்டியே உங்கள வெளிய அனுப்பலாம். எனக்காக வேண்டாம். அந்தக் காகிதத்த ஒடைக்காம இருக்கறதுக்காக வெளிய வாங்க."

அவர் யோசித்தார். மலையைப் பற்றிச் சொல்லாமல் காகிதத்தைப் பற்றிச் சொன்னதால்தான் யோசித்தார். அப்போது உடுக்கைச் சத்தம் நின்றது.

கோடாங்கி லயத்தின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் திரும்பினோம். பாக்கியத்தின் வீட்டுக் கதவு மெல்ல மூடிக்கொண்டது. பிறகு அதற்கடுத்த கதவு. அதற்கடுத்தது. எத்தனையோ நாளாகத் திறந்து கிடந்த கதவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, எங்களை நோக்கி வருவதுபோல மூடிக்கொண்டே வந்தன. செல்லையாவின் கதவு எங்கள் முகத்துக்கு நேராக மூடியது.

பாலத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. பாக்கியம் விடாமல் ஊதினாள்.

ஓடினோம். யார் பேய்க்குப் பயந்து ஓடினார்கள், யார் மண்ணுக்குப் பயந்து ஓடினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எதற்குப் பயந்து ஓடினேன் என்றும் தெரியாது. செல்லையா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். பாலத்தைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது லயம் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. கூரை அப்படியே, சவுக்கு மரங்கள் நின்ற நிலையிலேயே, கொடியில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பாவாடையோடு, மொத்தமும் கீழ்நோக்கிப் போனது. சரிவில் இறங்கும் ஒரு தேர்போல, அவசரமில்லாமல். காப்பித் தோட்டத்துக்குக் கீழே மறைந்த பிறகுதான் சத்தம் வந்தது. பாலம் அதிர்ந்தது. செந்தூசி எழுந்து வெயிலை மறைத்தது.

எண்ணிப் பார்த்தோம். எல்லோரும் இருந்தார்கள். கோடாங்கியின் உடுக்கை மட்டும் போய்விட்டது.

வீடுகள் சாய்ந்ததால் திறந்த கதவுகள், மண் உள்வாங்கி எதிர்ப்பக்கம் சாய்ந்ததும் மூடின என்று புவியியலாளர் பிறகு விளக்கினார். அந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த மக்கள் அன்று மாலையே வேறு ஒன்று சொல்லத் தொடங்கினார்கள். முத்தம்மாள்தான் யாரும் உள்ளே போகாதபடி வீடு வீடாகக் கதவை அடைத்தாள் என்று. பாக்கியத்திடம் வந்து காலில் விழப் போனவர்களும் உண்டு. 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்க எங்கம்மா இல்லேன்னு சொன்னீங்க. அது போதும். இப்ப எங்கம்மா நல்லவதான்னு அவங்களே சொல்றாங்க. அதையும் எதுக்கு இல்லேங்கணும்?" என்றாள்.

நிதிப் பிரிவுக்கு இப்போது ஒரு தேதி கிடைத்துவிட்டது. அந்தத் தேதியிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. அதற்கு முன் கூடத்தில் கழித்த நாட்களுக்கு எந்தத் தலைப்பும் இல்லாமலே போனது.

சில மாதம் கழித்து, பருவநிலை மாற்றம் கொண்டுவரும் ஆபத்துகளை நாட்டின் பேரிடர்ச் சட்டத்துக்குள் எப்படிச் சேர்ப்பது என்று கருத்துக் கேட்க ஒரு கூட்டம் சென்னையில் நடந்தது. ஆட்சியர் என்னை அனுப்பினார். மெதுவாகச் சேரும் ஆபத்தையும் பேரிடர் என்று சட்டம் ஏற்க வேண்டும் என்றேன். வரைவு எழுதும் அதிகாரி ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "நிகழ்ந்ததுக்கு எல்லை உண்டு. நிகழக்கூடியதுக்கு எல்லை எங்கே? எல்லா மலையும் என்றைக்காவது விழக்கூடியதுதானே? எல்லோரையும் கிளப்பிவிடலாமா?"

நியாயமான கேள்வி. அன்று சொன்னது இதுதான்: எல்லையைச் சட்டத்தில் வரைய முடியாவிட்டால் பரவாயில்லை. வெளியேறச் சொல்லும் அதிகாரத்தை எந்த வரியில் எழுதுகிறீர்களோ, அதே வரியில் திரும்பும் உரிமையையும் எழுதுங்கள். காத்திருக்கும் நாட்களுக்குச் சோற்றை எழுதுங்கள். அந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தால் எந்த அதிகாரியும் எல்லா மலையையும் காலி செய்ய மாட்டார். அவர் குறித்துக்கொண்டார். அது எந்த வடிவில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. சட்டம் மாறும் வேகமும் மழை மாறும் வேகமும் ஒன்றாக இல்லை.

மாற்று இடம் கிடைத்தது. பெரும்பாறைச் சாலையை ஒட்டி, கொஞ்சம் கீழே. பட்டாவும் கொடுத்தார்கள். என் பணியின் கடைசி வாரத்தில் மனை அளந்து கொடுக்கப் போனேன். மஞ்சு என்று அங்கே சொல்லும் மூடுபனி இறங்கி எதிரே நிற்பவர் முகம்கூடக் கலங்கலாகத் தெரிந்தது. செல்லையா தன் மனையின் நடுவில் நின்று காலால் மண்ணைத் தட்டினார்.

"இந்த மண்ணு எத்தன வருஷம் நிக்கும்?" என்று புவியியலாளரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"இப்ப நல்லா இருக்கு அய்யா. எத்தன வருஷம்னு தெரியாது. மழைதான் முன்ன மாதிரி இல்லியே. அதனால வருஷா வருஷம் மழைக்கு முன்ன ஒரு ஆபிசர் வந்து பாக்கணும்னு உத்தரவுல எழுதியிருக்கேன்."

"நீங்களா வருவீங்க?"

"நான் இந்த வாரத்தோட ஓய்வு அய்யா."

"அப்ப யாரு வருவா?"

அந்த மஞ்சில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டது. அன்று நான் பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

இந்த வருட மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. உங்களில் யார் போகிறீர்கள்?